மறைவிலிருந்து பார்த்த புறா

வன்னி நிலத்திலே ஐப்பசி மழை இரண்டு பாட்டம் பெய்துவிட்டால் கமக்காரனுடைய கைகள் சும்மா இரா. குளங்களின் கீழுள்ள வயல்களிலே காலபோக நெல் விதைப்பு நடைபெறும். மேட்டுக் காணிகளிலே உழுந்தும் பயறும் கௌபியும் விதைக்கப்படும். இலங்கையில் உழுந்துக்குப் பெயர்பெற்ற மாவட்டம் வவுனியா என்பதை நம் இல்லத்தரசிகள் நன்கு அறிவர். அந்த மண்ணின் ஈரம் காயுமுன்னரே, கமக்காரனுக்கு அடுத்தபடியாக அங்கு வந்து சேருகின்ற விருந்தாளி ஒன்றுண்டு. அதுவே புறா.

வவுனியா நகரை அடுத்துள்ள நெளுக்குளத்திலே எமக்கு நெடுநாட் பழக்கமுள்ள முதியவர் ஒருவர் இருக்கின்றார். எழுபது வயதைக் கடந்தவர். ஊரார் அவரை 'அப்பு' என்றே அழைப்பர். அண்மையில் ஒரு காலபோகத்தின்போது அவரைக் காணச் சென்றிருந்தோம். எம்முடன் கல்லூரி மாணவர் மூவரும் வந்திருந்தனர். தேநீர்க் கோப்பை கைக்கு வருமுன்னரே அப்பு தம் முறைப்பாட்டைத் தொடங்கிவிட்டார்.

"மாஸ்டர், உழுந்து விதைச்சு நாலு நாள்தான். அரைவாசியைப் புறா பொறுக்கிப்போட்டுது. மருமோனிட்டை அனுமதிப் பத்திரத்தோடை துவக்கு இருக்கு. காணி மூலையிலை ஒரு மறைப்புக் கட்டிப்போட்டு இருந்தானெண்டால் ஒரு காலையிலை அலுவல் முடியும். நீங்கள் படிச்சனீங்கள். செய்யலாமோ, கூடாதோ எண்டு சொல்லுங்கோ."

உயிர்க்கொலை பாவம் என்று நாம் வாய்திறக்குமுன் அவரே அதனையும் மறித்துவிட்டார்.

"பாவ புண்ணியத்தைக் கேக்கேல்லை, மாஸ்டர். அது எனக்கும் தெரியும். நான் பயிரைக் கேக்கிறன்."

உண்மையைக் கூறுவதாயின், எமக்கு அப்பொழுது விடை தெரியவில்லை. பயிரைப் பற்றிக் கேட்டவருக்குப் பயிரைப் பற்றியே விடையளிக்க வேண்டும். "ஒரு கிழமை தவணை தாருங்கோ, அப்பு" என்று கேட்டுக்கொண்டு திரும்பினோம். அந்த ஒரு கிழமையில் நாம் படித்தவற்றையும் கண்டவற்றையும் வாசகர்களுடன், சிறப்பாக மாணவர்களுடன், பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறைப்பு என்பது யாது?

திறந்த வெளியிலே புறாவை அணுகுதல் எளிதன்று. அதன் கண்கள் தலையின் இருபுறத்திலும் அமைந்துள்ளன. ஆதலின் தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ முழு வட்டத்தையும் அது பார்க்கவல்லது. நிறங்களையும் நம்மினும் நுட்பமாக வேறுபடுத்தி அறியும். அசையும் கை ஒன்று, வெயில் பட்டு மின்னும் முகம் ஒன்று போதும். அது எழுந்து பறந்துவிடும். இக்காரணத்தாலேயே மனிதன் தன்னை மறைத்துக்கொள்ளும் கலையைக் கற்றான்.

இக்கலை இன்றும் பரவலாக வழங்குவது இங்கிலாந்திலாகும். அங்குள்ள மரப்புறா நம் மணிப்புறாவிலும் பார்க்கப் பெரியது. கழுத்திலே வெள்ளைத் திட்டும் சிறகிலே வெள்ளைப் பட்டையும் உடையது. தானியம், பட்டாணி, கோவா, தீவனப் பயிர் ஆகிய அனைத்தையும் கூட்டங் கூட்டமாக வந்து மேயும். அங்குள்ள கமக்காரர்கள் அதனைப் பெரும் பகையாகவே கருதுகின்றனர்.

அதனைச் சுடுவோர் முதலில் துவக்கை எடுப்பதில்லை. ஒரு நாள் முழுவதும் வயலோரத்தில் நின்று பறவைகளின் வழியைக் கவனிக்கின்றனர். எந்த மரவரிசையைப் பற்றி அவை வருகின்றன, எந்த மூலையில் இறங்குகின்றன, காற்று எத்திசையிலிருந்து வீசுகின்றது என்பனவற்றை அறிந்த பின்னரே மறைப்பைக் கட்டுகின்றனர். அது வேலியை முதுகாகக் கொண்டிருத்தல் வேண்டும். வெறும் வானத்தின் முன் அமைந்தால் உள்ளே இருப்பவனுடைய உருவம் கரிய நிழலாகத் தெரிந்துவிடும். அவ்விடத்துக் கொம்பும் தழையும் கொண்டே அது அமைதல் வேண்டும். உட்கார்ந்திருப்பவன் தோளை மறைக்குமளவு உயரம் போதும். அவனுடைய முகத்தில் நிழல் விழுதல் வேண்டும்.

அடுத்து, இருபது முப்பது யார் தூரத்திலே பொய்ப்புறாக்களை நிறுத்துகின்றனர். மரத்தாலோ வேறு பொருளாலோ செய்த உருவங்கள் அவை. சுடப்பட்ட புறாக்களையே அவ்வாறு வைப்பதும் உண்டு. புறா காற்றை எதிர்த்தே தரையிறங்கும் இயல்பினது. ஆகவே பொய்ப்புறாக்களும் பெரும்பாலும் காற்றை நோக்கியே வைக்கப்படும். நடுவே ஒரு வெற்றிடமும் விடப்படும். "இங்கே இடமுண்டு, இரையுமுண்டு" என்று அது வானத்திலுள்ள புறாவை அழைக்கும். இறங்க வருகின்ற அந்தக் கணத்தில் வெடி தீர்கின்றது.

இவற்றைப் படித்தபோது எமது உள்ளத்திலே ஒன்று உறைத்தது. இவ்வேட்டையில் பெரும்பகுதி பார்த்தல். சுடுதல் இறுதிக் கணம் மாத்திரமே. பறவையைப் பற்றி ஒன்றும் அறியாதவன் மறைப்புக் கட்டவே இயலாது.

நம் முன்னோர் அறிந்த மறைவு

இஃது அந்நியரிடமிருந்து வந்த வித்தையென்று எவரும் எண்ணிவிடுதல் வேண்டா. தொண்டைமான் இளந்திரையன்மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலே எயினருடைய வேட்டை கூறப்படுகின்றது. வறண்ட காலத்தில் நீர் வேட்கையால் விலங்குகள் வருமிடத்திலே குழிகளை அகழ்ந்து, அவற்றுள் ஒடுங்கியிருந்து, நள்ளிரவிலே காட்டுப்பன்றியின் வரவைப் பார்த்திருக்கும் வேட்டுவரை அப்புலவர் காட்டுகின்றார். வன்னியின் கோடையையும் வற்றும் குளங்களையும் அறிந்த எவருக்கும் அக்காட்சி புதிதாகத் தோன்றாது.

அதே நூலிலே எயினர் குடிசையின் முன், விளாமரத்தின் அடியிலே பார்வை விலங்கு கட்டப்பட்டிருந்தமையும் கூறப்படுகின்றது. பார்வை என்பது ஓர் அரிய தமிழ்ச் சொல். பழக்கிய மானையோ பறவையையோ காட்டி அதன் இனத்தை அழைத்துப் பிடிப்பது வேட்டுவர் வழக்கம். அவ்வாறு காட்டப்படும் விலங்குக்கே பார்வை என்று பெயர். இங்கிலாந்து வயலில் நிற்கும் பொய்ப்புறாவுக்கு நம்மிடம் நெடுங்காலமாகவே சொல் இருந்திருக்கின்றது.

திருவள்ளுவரும் இக்காட்சியை அறிந்தவரே. கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில், 274ஆம் குறளிலே, தவவேடத்தில் ஒளிந்துகொண்டு தீமை புரிவோனுக்கு உவமையாக அவர் கூறுவது, புதரின் பின்னே மறைந்திருந்து பறவைகளைப் பிடிக்கும் வேடனையே. கண்டிக்கப்படுபவன் போலித்துறவி, வேடன் உவமையாக மாத்திரமே வருகின்றான். ஆயினும் மறைந்திருத்தல் என்னும் செயல் வள்ளுவருடைய மனத்திலே எவ்வாறு பதிந்திருந்தது என்பதை அவ்வுவமை காட்டுகின்றதன்றோ? பார்ப்பவனுக்கு ஒன்றாகத் தோன்றி உள்ளே வேறொன்றாக இருப்பதன் அடையாளம் அது.

சுட்டால் குறையுமா?

ஆனால் அப்பு கேட்டது இலக்கியத்தையன்று, பயிரையே. சுட்டால் பயிர் தப்புமா என்பதே கேள்வி.

இதே கேள்வியை இங்கிலாந்து அரசாங்கமும் ஒரு காலத்தில் எதிர்நோக்கியது. மரப்புறாக்களைக் குறைக்கும் பொருட்டு, துவக்குத் தோட்டாக்களின் விலையில் ஒரு பகுதியை அரசாங்கமே பொறுத்துச் சுடுவோரை ஊக்குவித்தது. அக்காலத்தில் முர்ட்டன் என்னும் பறவையியலாளரும் அவருடைய துணைவர்களும் கேம்பிரிட்ஜ் பகுதியிலுள்ள வயல்களிலே பல ஆண்டுகள் இப்புறாவை ஆராய்ந்தனர். அவர் எழுதிய நூல் 1965இல் வெளிவந்தது. அவர்கள் கண்ட முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. குளிர்காலத்தில் எத்தனை புறாக்கள் உயிர்வாழும் என்பதைத் தீர்மானிப்பது துவக்கன்று. வயலில் கிடைக்கும் உணவே. சுடப்பட்ட புறாக்களிற் பெரும்பாலானவை எவ்வாறாயினும் பசியால் மடிந்திருக்கக்கூடியவை. அவை நீங்கியதால் எஞ்சியவற்றுக்கு உணவு கூடுதலாகக் கிடைத்தது. அடுத்த பருவத்திலே தொகை முன்போலவே ஆயிற்று. தோட்டாவுக்கான உதவிப் பணமும் பின்னர் நிறுத்தப்பட்டது.

அங்ஙனமாயின் சுடுதலால் ஓர் இனம் குறையவே மாட்டாதா? அவ்வாறும் கூறவியலாது. வட அமெரிக்காவிலே பயணப்புறா என்றோர் இனம் இருந்தது. நூறு கோடிகளில் எண்ணப்பட்ட கூட்டம் அது. பறந்து செல்லும்போது வானமே இருண்டதாகக் கண்டோர் எழுதியுள்ளனர். வலையாலும் துவக்காலும் அவற்றைக் கொன்று, புகைவண்டியில் ஏற்றி நகரச் சந்தைகளில் விற்றனர். உயிருள்ள புறாவொன்றின் கண்ணிமைகளைத் தைத்து, ஒரு சிறு தட்டிலே கட்டி, அதனைச் சிறகடிக்கச் செய்து ஏனையவற்றை வலைக்குள் அழைத்த கொடுமையும் அங்கு நடந்தது. காடுகளும் அழிந்தன. முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்குமிடத்திலேயே அவை கொல்லப்பட்டமையால் புதிய தலைமுறை தோன்றவில்லை. அந்த இனத்தின் கடைசிப் பறவை, மார்த்தா என்னும் பெயருடையது, 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் நாள் சின்சினாற்றி நகர விலங்குக் காட்சிச்சாலையிலே இறந்தது.

ஆகவே துவக்கு இருவகையிலும் நம்மை ஏமாற்றவல்லது. ஒரு காலையிலே பத்துப் புறாக்களைச் சுடுபவன் தன் வயலைக் காப்பதில்லை. சுற்றுப்புறத்திலிருந்து வேறு பத்து வந்துவிடும். ஒரு நாடே திரண்டு சந்தைக்காகக் கொன்றாலோ இனமே அழிந்துபோகும்.

சட்டமும் இங்கு ஒன்று கூறுகின்றது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், பின்வந்த திருத்தங்களுடன், நம் நாட்டின் காட்டுப் பறவைகளைக் காக்கின்றது. அட்டவணையில் விலக்கப்பட்ட சில இனங்கள் நீங்கலாக ஏனையவற்றைக் கொல்லுதல் குற்றமாகும். துவக்குக்கு அனுமதிப் பத்திரம் இருப்பதனாலேயே எப்பறவையையும் சுடலாம் என்பதாகாது. ஐயமுள்ளோர் வனசீவராசிகள் திணைக்கள அலுவலரை முதலில் வினவுதல் நன்று.

நெளுக்குளத்தில் நான்கு காலைகள்

படித்தது போதும், பார்ப்போம் என்று துணிந்தோம். அப்புவின் இசைவுடன் அவருடைய காணி மூலையிலே ஒரு மறைப்பைக் கட்டினோம். பழங் கிடுகு நான்கு, சாக்கு இரண்டு, வேலியில் வெட்டிய கொப்புகள் சில, வேறொன்றும் செலவில்லை. பின்புறம் கிளுவை வேலி. முன்புறம் இரு விரல் அகலத்தில் ஒரு துவாரம். கையிலே துவக்கு இல்லை. ஒரு குறிப்புப் புத்தகமும் பென்சிலும் இருந்தன. மருமகனுக்கு இஃது ஒரு வேடிக்கையாகவே தோன்றிற்று.

முதலாம் நாள் ஒரு பறவையும் வரவில்லை. காரணம் நாமே. ஒரு மாணவன் வெள்ளைச் சட்டை அணிந்திருந்தான்; மற்றொருவன் நுளம்பை அடித்துக்கொண்டேயிருந்தான். அசையாதிருத்தல் எத்துணை அரிது என்பதை அன்றுதான் அறிந்தோம்.

இரண்டாம் நாள் சூரியன் ஏறியதும் மணிப்புறாக்கள் வந்தன. நேரே வயலில் இறங்கவில்லை. குளக்கட்டருகே நின்ற பாலைமரத்திலே முதலில் அமர்ந்தன. நெடுநேரம் சுற்றுமுற்றும் பார்த்தன. பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக, நாம் நூலிற் படித்தவாறே, காற்றை எதிர்த்து இறங்கின. மண்ணின் மேலே கிடந்த உழுந்தை அலகாற் பொறுக்கின. புல்விதைகளையும் பொறுக்கின. ஒன்றைச் சிறப்பாகக் குறித்துக்கொண்டோம். புறா காலால் மண்ணைக் கிளறுவதில்லை. மேலே கிடப்பதைத்தான் எடுக்கும். மிஞ்சினால் அலகால் தூசியைத் தட்டிவிடும். மூடப்பட்ட விதை அதற்கு எட்டாது.

ஆனால் அப்பு எமக்குக் காட்டிய வரிசைகளிலே மண் கிளறப்பட்டிருந்ததே! அது யார் வேலை?

மூன்றாம் நாள் விடை கிடைத்தது. அன்று கிழக்கு வெளுக்குமுன்னரே மறைப்புக்குள் போய்விட்டோம். அரையிருளில் வேலிப் பொட்டால் ஐந்தாறு உருவங்கள் நுழைந்தன. பெட்டை மயில்கள்! அவை உறுதியான கால்களால் மண்ணைப் பறித்துப் பறித்து, ஈரத்தில் ஊறிப் பருத்திருந்த விதைகளை வரிசையாகத் தின்றுகொண்டு சென்றன. வெயில் ஏறுமுன் காட்டோரத்துக்குத் திரும்பிவிட்டன. அதன் பின்னரே புறாக்கள் வந்தன. அதற்கும் பின்னர், ஏழு மணியளவில், அப்பு தம் துவிச்சக்கர வண்டியிலே வந்து சேர்ந்தார். நாள்தோறும் அவர் கண்டது எஞ்சியதைப் பொறுக்கும் புறாக்களை மாத்திரமே. ஆகவே முழுக் குற்றமும் புறாவின் தலையில் விழுந்தது.

நான்காம் நாள் அவரையே அழைத்துவந்து மறைப்புக்குள் இருத்தினோம். மயில்கள் வந்தன. அப்பு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் மெல்லிய குரலிலே, "முருகா" என்றார். வேலவனுடைய வாகனத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை போலும்.

மயில்கள் போன பின்னரும் அவர் எழவில்லை. ஒரு சோடி மணிப்புறாக்கள் எமக்குப் பத்தடி தூரத்திலே இறங்கின. வண்டிற் சுவட்டில் தேங்கிய மழைநீரை அவை குடித்த விதத்தை அவர் உற்று நோக்கினார். கோழி ஒவ்வொரு மிடறுக்கும் தலையை நிமிர்த்தும். புறா அவ்வாறன்று; அலகை நீரில் வைத்தபடியே உறிஞ்சிக் குடிக்கும். "எழுவது வருசமாப் பாக்கிறன், இதை இப்பதான் காணுறன்" என்றார் அப்பு. வேலியோரத் தேசிமரத்திலே சுள்ளிகளால் அமைந்த ஒரு கூடும், அதனுள் இரண்டு வெள்ளை முட்டைகளும் இருப்பதை மாணவன் ஒருவன் காட்டினான். தாய் தந்தை இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சுக்குத் தம் தொண்டைப் பையில் ஊறும் பால்போன்ற உணவை இரண்டுமே ஊட்டும் என்று நாம் கூறியபோது அவர் தலையசைத்தார்.

மறைப்பு இவ்வாறு கண்ணைத் திறந்துவிட்ட வரலாறுகள் வேறும் உள. இங்கிலாந்திலே கேர்ட்டன் சகோதரர்கள், சென்ற நூற்றாண்டு பிறந்த காலத்தையொட்டி, உள்ளே குடைந்த ஒரு பொய் எருதுக்குள் ஒளிந்திருந்து பறவைகளைப் படம் பிடித்தனர். இந்தியாவின் பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987) சிறுவனாயிருந்தபோது காற்றுத் துவக்கால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்திலிருந்த மஞ்சள் நிறம் அவருக்கு ஐயத்தை உண்டாக்க, அதனை எடுத்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றார். அங்கு தொடங்கிய தேடலே அவருடைய வாழ்வாயிற்று. பின்னாளில் 1930இலே, பம்பாய்க்குத் தெற்கே கிகிம் என்னும் கடலோர ஊரில், தூக்கணாங் குருவிகளின் குடும்ப வாழ்வை அவர் நாட்கணக்காகப் பார்த்து எழுதினார். சுட்ட கையே பின்னர் பென்சிலையும் பிடித்தது.

எம் நினைவில் எழுந்த மற்றொரு குழி

மூன்றாம் நாட் காலையிலே நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்தையும் கூறாதுவிட மனம் ஒப்பவில்லை. நாம் மறைப்புக்குள் குந்தியிருந்தபோது உயரத்தில் விமானம் ஒன்று சென்றது. அதன் இரைச்சல் கேட்டதும் எம்மையறியாமலே எமது தலை குனிந்தது. கைகள் காதுகளை நோக்கி எழுந்தன. "என்ன சேர்?" என்று மாணவன் வியப்புடன் கேட்டான். போர் 2009இல் முடிந்தபோது அவன் கைக்குழந்தை. அவனுக்கு எவ்வாறு தெரியும்?

வன்னியிலே 1990களில் வளர்ந்த எமக்குப் பதுங்குகுழி என்பது வீட்டின் ஓர் அறை. பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிய அக்குழி பள்ளிக்கூட முற்றத்திலும் இருந்தது. வானில் ஒலி கேட்டதும் அதனுள் ஓடி ஒடுங்குவோம். மேலே இருப்பது எம்மைக் கண்டதா, காணவில்லையா என்பதே அப்பொழுது எமது உலகம்.

கிடுகு மறைப்புக்குள் இருந்து அதனை நினைத்தபோது ஓர் உண்மை தெளிவாயிற்று. மறைந்திருத்தலில் இருவகையுண்டு. உயிரைக் காக்க மறைதல் ஒன்று. உயிரை எடுக்க மறைதல் மற்றொன்று. முதலாவதை அறிந்த தலைமுறை நாம். ஆகையால், இரண்டாவது மறைவில் அமரும்போது எதிரே இரை பொறுக்குவதன் நெஞ்சு எவ்வாறு துடிக்கும் என்பதை நமக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிபியின் தராசு

புறாவைக் காத்த சிபிச் சக்கரவர்த்தியின் கதையை நம் பிள்ளைகள் அனைவரும் கேட்டிருப்பர். சோழர் தம்மை அவன் வழிவந்தோர் என்று பெருமையுடன் கூறிக்கொண்டனர். புறநானூற்றுப் புலவர்களும் அதனை நினைவூட்டியுள்ளனர். ஆயினும் அக்கதையில் நாம் எளிதாக மறந்துவிடுவது பருந்தின் வழக்கை. "எனது உணவை நீ பறித்தாய், நான் பசியால் இறக்கலாமா?" என்று பருந்து கேட்டது. அக்கேள்வி நியாயமானதே. அரசன் பருந்தைத் துரத்திவிடவுமில்லை, புறாவைக் கைவிடவுமில்லை. இரண்டின் உரிமையையும் ஒப்புக்கொண்டு, இடையிலுள்ள குறையைத் தன் தசையால் நிரப்பினான். தராசின் உட்பொருள் அதுவே.

அப்புவின் கேள்வியும் நியாயமானதே. விதை உழுந்து காசு கொடுத்து வாங்கியது. மழை அவருக்காக மீண்டும் வந்து காத்திராது. பட்டணத்தில் இருந்துகொண்டு "புறா பாவம்" என்று கூறுவது எளிது. அதன் விலையைச் செலுத்துபவர் அவர். புறாவிடம் இரக்கம் காட்ட விரும்புவோர் அந்த விலையில் ஒரு பங்கையேனும் ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.

ஆகவே இவ்வாறு செய்தோம். அழிந்த பகுதியை அப்பு மீண்டும் விதைத்தார். இம்முறை வீசி விதைத்து விட்டுவிடாமல், வரிசையாக இட்டு, இரண்டு விரற்கடை ஆழத்தில் மண்ணால் மூடினார். மயில் நுழைந்த வேலிப் பொட்டுகளை மாணவர்கள் முள்ளால் அடைத்தனர். பழைய கசெட் நாடாவைத் தடிகளுக்கிடையே இழுத்துக் கட்டினோம். காற்றில் அது இரைந்து மின்னும். ஓரிடத்திலேயே இருந்தால் பறவை அதற்குப் பழகிவிடும் என்பதால் மூன்று நாளுக்கொருமுறை இடம் மாற்றினோம். யாவற்றுக்கும் மேலாக, முளை இரண்டு இலை விடும்வரை பத்து நாட்கள், கிழக்கு வெளுக்குமுன் இருவர் இருவராகக் காணிக்குச் சென்று தகரப் பேணியைத் தட்டிக் காவலிருந்தோம். சிபி தசையைத் தந்தான். நாம் தந்தது காலைத் தூக்கம் மாத்திரமே.

இதுவும் புதிய முறையன்று. சங்ககாலக் குறிஞ்சிப் பெண்கள் தினைப்புனத்துப் பரணிலே இருந்து தட்டையும் குளிரும் கவணும் கொண்டு கிளியோட்டினர். வள்ளிநாயகியும் ஆலோலம் பாடிப் பறவைகளை ஓட்டியே புனங்காத்தாள். பரண் என்பது மறைவன்று. எல்லார்க்கும் தெரிய உயரத்தில் அமைந்தது. "நான் இங்கே இருக்கின்றேன், நீ போய்விடு" என்று பறவைக்கு அது முன்னறிவித்தல் கொடுக்கின்றது.

இதனால் இழப்பே இல்லாது போயிற்று என்று கூறினால் அது பொய்யாகும். மூடாது விடுபட்ட விதைகளைப் புறாக்கள் தின்றன. மயில்களும் ஒரு நாள் மற்றொரு வழியால் நுழைந்துவிட்டன. அயற் காணிக்காரரும் ஒரே கிழமையில் விதைத்திருந்தால் சேதம் பலருக்கும் பகிர்ந்து ஒவ்வொருவருக்கும் சிறிதாயிருந்திருக்கும். அதனை அடுத்த போகத்துக்கு முன் கமக்கார அமைப்பின் கூட்டத்திலே பேசுவதாக அப்பு கூறியிருக்கின்றார்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் வயலோரத்திலும் ஒரு மறைப்பைக் கட்டிப் பாருங்கள். காணிக்காரரிடம் அனுமதி பெறுங்கள். கூட்டை நெருங்காதீர்கள். ஒரு மணி நேரம் அசையாதிருங்கள். எப்பறவை எதனை, எவ்வாறு, எந்நேரத்தில் தின்கின்றது என்பதை எழுதுங்கள். ஜி. எம். ஹென்றி என்பார் 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய நூல் நூலகத்தில் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். குற்றம் சாட்டுமுன் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் வயலில் மாத்திரமன்றி வாழ்விலும் உங்களுக்கு உதவும்.

தை மாத இறுதியிலே ஒருநாள் அப்புவின் மருமகன் எமது வீட்டுக்கு வந்தார். கையிலே ஒரு பொட்டலம். உள்ளே ஒரு கொத்து உழுந்து, கறுத்து மினுங்கிக்கொண்டிருந்தது. அன்று மாலையே தொலைபேசியில் அப்புவுக்கு நன்றி கூறினோம். அவர் சிரித்தார்.

"புறா திண்டது போக மிச்சம், மாஸ்டர். வீட்டிலை வடை சுடச் சொல்லுங்கோ."